சுங்கை சிப்புட்டில் ஊர்ப்பணத்தில் ஒரு ஹோஸ்பிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீராத நோயில் கிடப்பவர்களுக்காக நம் ஊரிலேயே, ஊர்மக்களின் பணத்தில் ஒரு ஹோஸ்பிஸ் தொடங்க வேண்டும் என்று நாங்கள் சிலர் கூடிப் பேசத் தொடங்கியதிலிருந்து, கோயில் வாசலிலும் காலைச் சந்தையிலும் துக்க வீட்டிலும் பலர் எங்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதால், நின்றுகொண்டே சொல்லி முடிக்க முடியாத விடைகளை இங்கே எழுதிவைக்கிறோம். சங்கப் பதிவு இன்னும் முடியவில்லை. ஆகவே இதுவரை யாரிடமும் பணம் வாங்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஹோஸ்பிஸ் என்பது மருத்துவமனையா, முதியோர் இல்லமா?

இரண்டும் இல்லை. மருத்துவமனை நோயைக் குணப்படுத்த முயல்கிறது; முதியோர் இல்லம் ஆதரவற்றவருக்கு இருப்பிடமும் உணவும் தருகிறது. நோய் இனிக் குணமாகாது என்று உறுதியான பிறகு, ஒருவருக்கு எஞ்சியிருக்கும் மாதங்களையோ நாட்களையோ வலியும் மூச்சுத்திணறலும் தணிந்த நிலையில், தம் மக்கள் சூழக் கழிக்க உதவும் மருத்துவப் பராமரிப்புக்கே ஹோஸ்பிஸ் என்று பெயர். இன்றைய வடிவில் இது, 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்தபர் ஹோஸ்பிஸிலிருந்து உலகெங்கும் பரவியது. முதலில் தாதியாகவும் பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பிறகே மருத்துவம் படித்தவர் அவர். உடல் வலியோடு மனவேதனை, குடும்பக் கவலை, கடன் கவலை, கடவுளிடம் கேட்கும் கேள்வி எல்லாம் சேர்ந்தே நோயாளியை வதைக்கின்றன என்றும், அவை அனைத்தையும் ஒரே வலியாகக் கருதித் தணிக்க வேண்டும் என்றும் அவர் கற்பித்தார். நம் நாட்டில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் கோலாலம்பூர் வட்டாரத்தில் நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று இந்தப் பணியைச் செய்துவருகிறது. சுகாதார அமைச்சும் 2019 முதல் 2030 வரைக்குமான தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது.

ஹோஸ்பிஸ் என்றவுடன் ஒரு கட்டடத்தை நினைப்பவர்களே இங்கு அதிகம். அதை ஒரு பணியின் பெயராக எடுத்துக்கொண்டால் கீழே வரும் விடைகள் எளிதில் விளங்கும்.

"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்று மருத்துவமனையில் சொல்லிவிட்ட பிறகு நீங்கள் மட்டும் என்ன செய்துவிட முடியும்?

இந்தக் கேள்விக்கு, குழுவின் சார்பில் இதை எழுதும் நான் என் பெரியம்மாவைக் கொண்டே விடை சொல்ல விரும்புகிறேன். ரப்பர்த் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் முன்பே வெற்றிலையும் புகையிலையும் அவர் வாயில் இருக்கும். தோட்டத்துப் பெண்களிடையே வாய்ப்புற்று இவ்வளவு மிகுதியாக இருப்பதற்கு அந்தப் பழக்கமே முதன்மையான காரணம். கன்னத்தில் வந்த புண் வெளியே உடைந்து, மேற்கொண்டு சிகிச்சை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, அவர் கையில் இருந்தவை சாதாரண வலி மாத்திரைகளும் அடுத்த சந்திப்புக்கான ஒரு தேதியும் மட்டுமே. வலியைவிட அந்தப் புண்ணின் நாற்றமே அவரைக் கொன்றது என்று சொல்வேன். வாசலோடு நலம் விசாரித்துவிட்டுப் போனவர்களை அவர் குறை சொல்லவில்லை; சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடைசி மூன்று வாரங்களுக்கு வேறொரு ஊரிலிருந்து ஒரு தாதி வந்தார். உப்புநீரால் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கித் தூவி, மேலே கட்டுப்போட்டார். புண்ணில் வளரும் கிருமிகளே நாற்றத்துக்குக் காரணம், அவற்றை அந்த மருந்து கொல்லும் என்று எங்களுக்கு விளக்கினார். சில நாட்களில் நாற்றம் அடங்கியது. மருத்துவரிடம் பேசி, கடும் வலியைத் தணிக்கும் மார்பின் என்ற மருந்தைத் திரவமாகத் தொடங்கச் செய்தார். பேத்தி மறுபடியும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து பாட்டியோடு பேசினாள். நோய் ஓர் இம்மிகூடக் குறையவில்லை. ஆனாலும் செய்வதற்கு அத்தனை இருந்தது. அந்த மூன்று வாரம் முதல் நாளிலிருந்தே கிடைத்திருக்க வேண்டியது என்பதே எங்கள் குழுவில் என்னை உட்கார வைத்திருக்கிறது.

படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுப்பதும், வாயைச் சுத்தப்படுத்துவதும், மலச்சிக்கலுக்கு மருந்து தருவதும், நள்ளிரவில் தொலைபேசி எடுத்துப் பேசுவதும் இதே பணியைச் சேர்ந்தவை.

மார்பின் கொடுத்தால் ஆள் அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்கிறார்களே?

எங்களை மிகவும் வருத்தும் நம்பிக்கை இதுதான், ஏனெனில் வலியால் துடிப்பவரின் தலைமாட்டிலேயே மருந்துப் போத்தல் திறக்கப்படாமல் கிடப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்பின் தருவதை உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. குறைந்த அளவில் தொடங்கி, வலி அடங்கும்வரை மெல்ல மெல்ல உயர்த்திக் கொடுக்கும்போது அது உயிரைப் பறிப்பதில்லை. திரவ மார்பின் ஏறக்குறைய 4 மணி நேரமே வேலை செய்வதால், வலி வந்த பிறகு கொடுப்பதைவிடக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் தவறாமல் கொடுப்பதே முறை. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் வரலாம். அவை பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது, ஆகவே பேதி மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். நெடுநாள் எடுத்தவருக்குத் திடீரென நிறுத்தினால் உடல் தவிக்கும் என்பது உண்மை. அதனால் நிறுத்துவதானாலும் படிப்படியாக நிறுத்துவார்கள். போதைக்கு ஏங்கி அலையும் அடிமைத்தனம் என்பது வேறு. மருத்துவர் மேற்பார்வையில் வலிக்காக அதை எடுத்துக்கொள்ளும் நோயாளிகளிடம் அது அரிது.

இது 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்து. எனவே நாங்களாக வாங்கி விநியோகிக்க மாட்டோம். மருத்துவரின் சீட்டின்மேல் மருந்தகம் தரும். எங்கள் தாதி அளவைக் கண்காணிப்பார். நோயாளி இறந்த பின் எஞ்சியது மருந்தகத்துக்கே திரும்பிச் செல்லும்.

புற்றுநோயாளிகளுக்கு மட்டும்தானா?

இல்லை. இதயம் பலவீனமாகி முற்றியவர்கள், நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள், நரம்பு நோயால் படுத்த படுக்கையானவர்கள் ஆகியோருக்கும் இந்தப் பராமரிப்பு வேண்டும். நம் ஊரைப் பொறுத்தவரை சிறுநீரகம் செயலிழந்தவர்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அதற்கு முதன்மையான காரணம் இனிப்புநீர் (நீரிழிவு). 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனங்களைவிட அதிகம். முதுமையாலும் பிற நோய்களாலும் இரத்தச் சுத்திகரிப்பைத் தாங்க இயலாமல் அதை நிறுத்திக்கொள்ளத் தீர்மானிக்கும் ஒருவருக்கு, அரிப்பும் மூச்சுத்திணறலும் தணிய, அந்தத் தீர்மானத்தைக் குடும்பம் குற்றவுணர்வின்றி ஏற்க, துணை வேண்டியிருக்கிறது.

நிலம் தர ஒருவர் முன்வந்தால் உடனே கட்டடம் கட்டலாமே? ஏன் தயங்குகிறீர்கள்?

இதில் எங்கள் குழுவுக்குள்ளேயே நீண்ட வாக்குவாதம் நடந்தது. கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் பொறித்த மண்டபத்துக்குப் பணம் தருவதற்கு நம்மவர்கள் தயங்குவதில்லை. தாதியின் மாதச் சம்பளத்துக்குத் தருவதென்றால் யோசிக்கிறார்கள். ஆனால் கட்டடம் முதல் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே பணம் முழுவதையும் விழுங்கிவிடும். பிறகு இரவும் பகலும் முறை மாற்றிப் பணிபுரியத் தாதியர் வேண்டும், சமையல் வேண்டும், மின்கட்டணம் வேண்டும். திறப்புவிழா கண்டு பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தை இந்த ஊருக்குத் தர எங்களுக்கு மனமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் பேசிப் பார்த்த நோயாளிகளில் பெரும்பாலோர் தங்கள் வீட்டிலேயே இருக்க விரும்புகிறார்கள். ஈப்போ அரை மணி நேரத் தொலைவுதான் என்பார்கள். அது கார் வைத்திருப்பவரின் கணக்கு. உள்ளே இருக்கும் தோட்டத்திலிருந்து, உட்காரவே முடியாத ஒருவரை வாடகை வண்டியில் ஏற்றி, காலை முழுதும் காத்திருந்து, மருந்து வாங்கித் திரும்புவது ஒரு நாள் கூலியையும் நோயாளியின் எஞ்சிய தெம்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அந்தப் பயணத்தைத் தாதி செய்யட்டும் என்பதே எங்கள் திட்டத்தின் சாரம்.

இப்படித் தொடங்கி வளர்ந்த முன்மாதிரி கேரளத்தில் இருக்கிறது. 1993இல் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய வலி நிவாரணப் பிரிவைத் தொடங்கினார்கள். நோயாளிகள் அங்கே வந்துசேர முடியாமல் தவிப்பதைக் கண்டபின், மலப்புறம் முதலான பகுதிகளில் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து, அவர்கள் தரும் சிறு தொகைகளைக் கொண்டு வீடுதேடிச் செல்லும் பராமரிப்பு வலையமைப்பை உருவாக்கினார்கள். மாநில அரசு 2008இல் அதைக் கொள்கையாகவே ஏற்றது. கடை முதலாளிகளும் ஓட்டுநர்களும் மாணவர்களும் சுமந்த வேலை அது.

எனவே முதல் கட்டத்தில் ஒரு முழுநேரத் தாதி, வாரத்தில் சில மணி நேரம் தரும் ஒரு மருத்துவர், ஒரு வண்டி, இரவல் கொடுக்கச் சில கட்டில்களும் காற்று மெத்தைகளும், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி ஆகியவை மட்டும் இருக்கும். படுக்கை வசதி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் தோட்ட வீட்டைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடியின் நான்காவது மாடிக்குக் குடிவந்த முதியவரையும், பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கத் தனியே கிடப்பவரையும் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. அவர்களுக்காக ஐந்தாறு படுக்கைகள் கொண்ட இல்லம் இரண்டாம் கட்டத்தில் வர வேண்டும். எத்தனை படுக்கை வேண்டும் என்பதைக்கூட முதல் கட்டத்தில் வீடுவீடாகப் போன பிறகே சரியாகச் சொல்ல முடியும்.

பணம் எங்கிருந்து வரும்?

இந்த ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) வீதம் சேர்த்த பணமே தோட்டங்களை வாங்கியது. அன்றைய கூலியில் 10 வெள்ளி என்பது சிறிய தொகை அல்ல. நாங்கள் கேட்கப்போவதும் மாதம் 10 வெள்ளிதான். இன்று அது இரண்டு பேர் பசியாறும் செலவு. 500 குடும்பங்கள் சேர்ந்தால் மாதம் 5,000 வெள்ளி, ஆண்டுக்கு 60,000 வெள்ளி. ஒரு தாதியின் சம்பளம், சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா, பெட்ரோல், கட்டுப்போடும் பொருள்கள் ஆகியவற்றை இதற்குள் சமாளிக்கலாம் என்பது எங்கள் கணிப்பு. ஒரே செல்வந்தர் மொத்தமாகக் கொடுப்பதைக் காட்டிலும் இதையே நாங்கள் விரும்புகிறோம். ஐந்நூறு வீடுகளில் பத்து வீடு விலகினாலும் தாதி தொடர்ந்து போவார், ஒரே ஒருவர் கை விட்டால் நின்றுவிடும்.

கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயக்காரர் இருப்பதுபோல், தாதியின் ஒரு நாள் பயணச் செலவை ஒரு குடும்பம் உபயமாக ஏற்கலாம். பெற்றோரின் திதி நாளில் அதைச் செய்ய விரும்புவதாகச் சிலர் இப்போதே சொல்லியிருக்கிறார்கள். வீடுவீடாகவும் தெருவிலும் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும் என்பதால், எங்கள் பெயரைச் சொல்லி உண்டியலோடு யாரேனும் வந்தால் அந்த அனுமதியைக் கேட்டுப் பாருங்கள்.

கூட்டு (சீட்டு) கட்டிப் பணம் சேர்க்கலாமா?

கூடாது. கூட்டு நடத்தும் தொழிலை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நம் தமிழ்ச் சொல்லையே பெயராகக் கொண்ட சட்டம் அது.

என்னென்ன பதிவுகளும் உரிமங்களும் தேவை?

முதலில் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு. அதற்குக் குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். பதிவு கிடைத்த பின் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கப்படும். தனியார் எவருடைய கணக்கிலும் பணம் போடச் சொல்ல மாட்டோம். மருத்துவரும் தாதியும் அந்தந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். படுக்கைகள் கொண்ட இல்லம் தொடங்கும்போது, ஹோஸ்பிஸ்களையும் உள்ளடக்கிய 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி, நிறுவுவதற்கு ஒப்புதலும் அதன்பின் நடத்துவதற்கு உரிமமும் தனித்தனியே பெற வேண்டும். கட்டடம் எழுப்பிவிட்டுப் பின்னர் உரிமம் கேட்பது வீண்வேலை.

நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்க, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் தேவை. அது கிடைக்கும்வரை எங்கள் ரசீதைக் காட்டி வரிக்கழிவு கோர இயலாது.

நோயாளியின் குடும்பம் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். குணமானால் கொடுக்கிறேன் என்று சொல்லக்கூட வழியில்லாத இடத்தில் கட்டணம் கேட்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. சமூக நல இலாகா உதவி, சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம், சேமநிதியிலிருந்து பணம் எடுப்பது போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கத் தெரியாத குடும்பங்களுக்குப் பாரங்களை நிரப்பித் தருவதும் தொண்டர்களின் வேலையாக இருக்கும்.

தமிழர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. மலாய்க்காரர், சீனர், லாசா பக்கத்துக் கம்பங்களில் (சிற்றூர்களில்) வாழும் தெமியார் பழங்குடி மக்கள் என யார் அழைத்தாலும் தாதி போவார். இல்லம் அமையும்போது அதன் சமையலறையில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சமைக்கப்படமாட்டா. இறைச்சி அனைத்தும் ஹலாலாக இருக்கும். பூசாரியோ பாதிரியாரோ இமாமோ, நோயாளி கேட்பவர் வரலாம். யாருடைய சமயத்தையும் மாற்றும் பேச்சுக்குக் கட்டிலருகே இடமில்லை.

பெற்றவரை இப்படி ஓர் இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவது ஆகாதா?

இந்த அச்சத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் மூன்று மாதம் தூங்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மகள் ஒருநாள் எரிந்து விழுந்துவிட்டு, அதை நினைத்து ஆண்டுக்கணக்கில் அழுவதையும் நாங்கள் அறிவோம். தூக்கவும் துடைக்கவும் கட்டுப்போடவும் பயிற்சி பெற்ற கைகள் இருந்தால், மகள் மகளாக அருகில் உட்காரலாம். ஒரு வாரம் மட்டும் சேர்த்துவிட்டு, குடும்பம் இளைப்பாறிய பின் திரும்ப அழைத்துச்செல்லவும் இடம் இருக்கும். பார்வையாளர் நேரம் என்று ஒன்றை வைக்கமாட்டோம்.

சாப்பாடு இறங்காதபோது குழாய் போடாமல், டிரிப் ஏற்றாமல் விட்டால் பட்டினி போடுவதாகாதா?

ஊட்டுவதே அன்பு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆகவே இந்த இடம் எல்லாக் குடும்பத்துக்கும் கடினமானது. முடிவு நெருங்கும்போது உடல் உணவை ஏற்கும் ஆற்றலை இழக்கிறது, பசியும் அடங்கிவிடுகிறது. சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை. இறந்துகொண்டிருப்பதால் அவருக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கலாம். கடைசி நாட்களில் ஏற்றும் நீர் கைகால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் மாறி, மூச்சை இன்னும் கடினமாக்கக்கூடும். அதனால் உலர்ந்த உதட்டையும் நாக்கையும் அடிக்கடி நனைத்துக்கொண்டிருப்பதே பெரும்பாலும் அப்போது அவருக்கு இதமான பணிவிடை. வாயில் பால் விடும் வழக்கத்தை நாங்கள் தடுக்கமாட்டோம். பஞ்சில் தொட்டு உதட்டில் வைத்தால் போதும், புரையேறாமல் எப்படிச் செய்வதென்று தாதி காட்டித்தருவார். எல்லா நோயாளிக்கும் இதே விடை பொருந்தாது. தொண்டை அடைபட்டுப் பசியோடு இருப்பவருக்குக் குழாய் தேவைப்படலாம். அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

நோயாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுவீர்களா?

வலியப் போய்ச் சொல்லமாட்டோம். அவர் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டோம். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேட்போம். "அப்பாவுக்குத் தெரியக்கூடாது" என்று மகன் வாசலில் நிறுத்திச் சொல்வார். உள்ளே அப்பா, "பையன் தாங்கமாட்டான், அவனிடம் சொல்லாதீர்கள்" என்பார். இருவரும் பேசிக்கொள்ளாமலே போனால் சேமநிதியின் வாரிசு நியமனமும் வீட்டின் உரிமைப் பத்திரமான கிராண்டும் மட்டுமல்ல, கேட்க வேண்டிய மன்னிப்பும் நின்றுபோகும்.

தொண்டராகச் சேரத் தகுதி என்ன?

வாரத்தில் இரண்டு மணி நேரமும், கேட்ட விஷயத்தை வெளியில் பேசாத வாயும். பயிற்சியை நாங்கள் தருவோம். உறவினரை அண்மையில் பறிகொடுத்தவர்கள் கொஞ்சக் காலம் பொறுத்துச் சேர்வது நல்லது.

நோயாளி இறந்த பிறகு இரவல் வாங்கிய கட்டிலையும் மெத்தையையும் எப்போது திருப்பித் தர வேண்டும்?

நீங்கள் கொண்டுவந்து தர வேண்டியதில்லை. காரியம் முடியும்வரை நாங்கள் கேட்கமாட்டோம். பதினாறாம் நாளுக்குப் பிறகு தாதியும் ஒரு தொண்டரும் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். கட்டிலை அதுவரை அறையில் பார்க்க முடியவில்லை என்றால் ஓர் அழைப்பு போதும், அன்றே எடுத்துக்கொள்வோம். மெத்தையைக் கழுவிவைக்க வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். வருகிறவர்கள் அவசரமாகத் திரும்பமாட்டார்கள். அன்று அவர்கள் வேறு எந்த வீட்டுக்கும் போக வேண்டியிராதபடியே நாள் குறிக்கப்படும்.